கைக்குழந்தையுடன் கப்பல் விடுமுறை: முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய சொகுசுக் கப்பல்களில் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றிக்கொள்வதில்லை. பயணம் புறப்படும் நாளன்று குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். ராயல் கரீபியன், டிஸ்னி ஆகிய இரு நிறுவனங்களின் பொதுவான விதியும் இதுவே. பயணச்சீட்டு வாங்கும் நாளில் குழந்தை பிறந்திருக்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் கப்பலேறும் நாளில் ஒரு நாள் குறைந்தாலும் பதிவு முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

நீண்ட பயணங்களுக்கு இந்த வயது வரம்பு உயர்கிறது. மூன்று நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து கரையைத் தொடாமல் செல்லும் பயணங்களில் ராயல் கரீபியன் 12 மாதம் நிறைந்த குழந்தைகளை மட்டுமே அனுமதிக்கிறது. பெருங்கடல்களைக் கடக்கும் பயணங்களுக்கு டிஸ்னியும் ஒரு வயதைக் கேட்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் இந்தச் சிக்கல் இல்லை. கப்பல் இடம் மாறும்போது ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ குறைந்த விலையில் விற்கப்படும் ஒருவழிப் பயணங்களில்தான் பெற்றோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதே கண்டிப்பு கர்ப்பிணிகளுக்கும் உண்டு. பயணத்தின் எந்த நாளிலாவது 24வது வாரத்தைத் தொட்டுவிடும் கர்ப்பிணியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. மூத்த பிள்ளையோடு கடைசியாக ஒருமுறை போய்வரலாம் என்று நினைக்கும் தாய்மார்கள் பயணம் முடியும் நாளை வைத்து வாரக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆறு மாத விதி எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. கப்பலில் மருத்துவ நிலையம் இருக்கும், மருத்துவரும் தாதியரும் இருப்பார்கள். ஆனால் குழந்தை மருத்துவர் இருப்பது அரிது. பச்சிளங்குழந்தைக்கான தீவிரச் சிகிச்சை வசதியை அங்கே எதிர்பார்க்க முடியாது. மூன்று மாதக் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் கரையில் இருப்பவர்கள் கேகே மருத்துவமனைக்கு ஓடுவார்கள். நடுக்கடலில் ஓடுவதற்கு இடமில்லை.

உயிர்காப்பு அங்கி

விளம்பரங்களில் வராத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய விஷயம் இது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக உடன்படிக்கையின்படி, 24 மணி நேரத்துக்கு மேல் கடலில் இருக்கும் பயணிகள் கப்பலில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதற்கென வடிவமைத்த உயிர்காப்பு அங்கி இருந்தாக வேண்டும். 15 கிலோவுக்குக் குறைவான எடையும் 100 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமும் உள்ள குழந்தைக்கு ஓர் அளவு. 15 முதல் 43 கிலோ வரையிலான பிள்ளைகளுக்கு இன்னோர் அளவு.

பெரியவர்களுக்கான அங்கி அறையிலோ ஒன்றுகூடும் இடத்திலோ இருக்கும். குழந்தை அளவு பல நேரங்களில் கேட்டால்தான் வரும். கப்பலேறிய முதல் மணி நேரத்தில் அறைப் பணியாளரிடமோ வரவேற்பு முகப்பிலோ குழந்தையின் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்கி, ஒருமுறை அணிவித்துப் பார்த்துவிட வேண்டும். கால்களுக்கு இடையே செல்லும் வார் எப்படிப் பூட்டுகிறது என்பது அவசரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது அல்ல. குழந்தை கத்தும். கத்தினாலும் பரவாயில்லை.

புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடக்கும் அவசரகால ஒத்திகையில் எல்லாரும் பங்கேற்பது கட்டாயம். 2012ல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு இந்த விதி இறுக்கப்பட்டது. அதற்கு முன் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. குழந்தை தூங்குகிறது என்று அப்பா மட்டும் போய் வருவது நம் குடும்பங்களில் நடக்கக்கூடியதே. ஆனால் பிள்ளைகளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டிருக்கும்போது எச்சரிக்கை மணி அடித்தால் யார் அவர்களை அழைத்து வருவார்கள், எந்த இடத்தில் சேர்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த ஒத்திகையின்போதுதான் பதில் கிடைக்கும்.

குழந்தையும் ஒரு பயணிதான்

விமானத்தில் மடியில் உட்காரும் குழந்தைக்குக் குறைந்த கட்டணம் வாங்கும் வழக்கம் இருப்பதால், கப்பலிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பலில் மடிக் குழந்தை என்ற கணக்கே இல்லை. ஆறு மாதக் குழந்தையும் அறையின் கொள்ளளவில் ஒருவர், உயிர்காப்புப் படகில் ஓர் இடம். மூன்று பேருக்கான அறையில் அப்பா, அம்மா, பாட்டி என்று பதிவு செய்துவிட்டு, குழந்தையைப் பிறகு சேர்க்க முயன்றால் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். அறையில் இடம் இருந்தாலும் அந்தப் பகுதியின் படகுகள் நிறைந்திருந்தால் அதே பதில்தான்.

சலுகைக் காலத்தில் அறையின் மூன்றாவது, நான்காவது பயணிக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்பு வரும். அப்போதும் துறைமுகக் கட்டணமும் வரியும் குழந்தைக்கும் உண்டு. நாளொன்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் சேவைக் கட்டணத்திலிருந்து சில நிறுவனங்கள் மிகச் சிறிய குழந்தைகளுக்கு விலக்கு தருகின்றன, சில தருவதில்லை. மொத்தத் தொகையைக் கேட்டு வாங்கிய பிறகே விலை மலிவா என்று முடிவு செய்ய முடியும்.

இல்லப் பணிப்பெண்ணை உடன் அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பங்கள் அவருக்கும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அவரது கடப்பிதழின் செல்லுபடியும் கப்பல் நிற்கும் நாடுகளின் விசா விதியும். முதலாளிக்கு விசா தேவையில்லாத நாட்டில் அவருக்குத் தேவைப்படலாம். துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவார் என்பதும் எப்போதும் ஏற்கப்படும் பதில் அன்று.

பத்திரங்களைப் பொறுத்தவரை, கப்பல் ஏறும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் குழந்தைக்கும் வேண்டும். சிங்கப்பூரில் 16 வயதுக்குக் குறைந்தவர்களின் கடப்பிதழ் ஐந்து ஆண்டுக்கே வழங்கப்படுகிறது என்பதால், மூத்த பிள்ளை பிறந்தபோது எடுத்தது இப்போது காலாவதியாகும் தறுவாயில் இருக்கலாம். இங்கு வேலை செய்யும் இந்தியக் குடிமக்களுக்குப் பிறந்த குழந்தையென்றால், இந்தியத் தூதரகத்தில் எடுத்த கடப்பிதழோடு சிங்கப்பூருக்குள் திரும்ப நுழைவதற்கான அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கப்பலேறுவது வீண் வம்பு. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையுடன் செல்வதாக இருந்தால், மற்றவரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் பையில் இருப்பது நல்லது. பிள்ளையைத் தாத்தா பாட்டியுடன் அனுப்புவோருக்கு இது இன்னும் அவசியம்.

நீச்சல் குளம் இல்லை

பிள்ளைக்காகவே கப்பல் விடுமுறை எடுத்த பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டயப்பர் அணியும் குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களின் நீச்சல் குளத்திலோ சுடுநீர்த் தொட்டியிலோ இறக்க அனுமதி இல்லை. தண்ணீருக்கென்றே விற்கப்படும் நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதுதான் விதி. அந்த டயப்பர் திடக் கழிவை ஓரளவு தடுக்கும், கிருமிகளைத் தடுக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம் வகுத்த விதியை, அந்நாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்லும் நிறுவனங்கள் மற்ற இடங்களிலும் பின்பற்றுகின்றன.

சில கப்பல்களில் சிறு குழந்தைகளுக்கென்று தனி வடிகட்டும் வசதியுடன் கூடிய நீர் விளையாட்டிடம் உண்டு. அங்கே நீச்சல் டயப்பரோடு விளையாடலாம். எந்தக் கப்பலில் இருக்கிறது என்று பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது.

வேறு சில பெற்றோர் காற்றடிக்கும் சிறு தொட்டியை எடுத்துச் சென்று அறையின் குளியல் பகுதியில் வைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். பெரும்பாலான அறைகளில் பூந்தூறல் குழாய் மட்டுமே இருக்கும், குளியல் தொட்டி இருக்காது என்பதால் இது நல்ல யோசனையே. வீட்டில் காலில் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிகளுக்கு அந்தக் குளியலறையில் உட்காரவே இடம் போதாது.

மூன்று வயது என்ற கோடு

கப்பலில் பிள்ளைகளுக்கான இலவச விளையாட்டு மன்றங்கள் பொதுவாக 3 வயதில் தொடங்குகின்றன. ராயல் கரீபியனின் அட்வெஞ்சர் ஓஷன், டிஸ்னியின் ஓஷனியர் கிளப் இரண்டும் அப்படித்தான். வயது மட்டும் போதாது, பிள்ளை தானாகக் கழிவறைக்குச் செல்லப் பழகியிருக்க வேண்டும். இழுத்து மாட்டும் பயிற்சி டயப்பரும் டயப்பராகவே கருதப்படும். மூன்று வயது நான்கு மாதமாகியும் இன்னும் பழகாத பிள்ளைக்கு அனுமதி கிடைக்காது.

ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சில கப்பல்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. மணிக்கணக்கில் கட்டணம். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களிலும் டிஸ்னி கப்பல்களிலும் இந்த வசதி உண்டு. இடங்கள் குறைவு. முன்பதிவு திறந்தவுடனோ கப்பலேறிய நாளன்றோ இரவு உணவு நேரத்துக்கான இடங்கள்தான் முதலில் தீரும். பெற்றோர் கரையிறங்கும்போது குழந்தையை விட்டுச் செல்லலாமா, தாய்ப்பால் பாட்டிலில் கொடுத்தால் ஊட்டுவார்களா, அழுகையை நிறுத்தாவிட்டால் எத்தனை நிமிடத்தில் அழைப்பார்கள் என்பதெல்லாம் கப்பலுக்குக் கப்பல் மாறும். அம்மாவை விட்டு ஒரு மணி நேரமும் இருந்து பழகாத பத்து மாதக் குழந்தை, அந்நியர்கள் நிறைந்த ஆடும் அறையில் முதல் முறையாக இருந்து பழகப் போவதில்லை. குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு ஏற்கெனவே சென்றுவரும் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள்.

எனவே ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையோடு செல்லும் குடும்பம் ஒரு கேள்வியை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை யார் எப்போது பார்த்துக்கொள்வது? மூன்று தலைமுறையாகச் செல்லும் தமிழ்க் குடும்பங்களில் இதற்குப் பேசாமலேயே ஒரு பதில் இருக்கிறது. பகலில் அம்மா, இரவு நிகழ்ச்சி நேரத்தில் பாட்டி. நான்கு நாளும் 16 சதுர மீட்டர் அறைக்குள் தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பிறகு, அதை விடுமுறை என்று அந்த இருவரும் சொல்வார்களா என்பது ஐயம்தான். முதல் நாள் இரவு நிகழ்ச்சிக்கு யார், இரண்டாம் நாள் யார் என்று எழுதி வைத்துக்கொள்வது பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அதில் அப்பாவின் பெயரும் தாத்தாவின் பெயரும் வரும்.

அடுத்தடுத்த இரு அறைகளும் நடுவே திறக்கும் கதவும் கிடைத்தால் இந்தச் சுமை பெரிதும் குறைகிறது. விலை கூடும். மாடமுள்ள அறையாக எடுத்தால், பிள்ளை தூங்கும்போது பெரியவர்கள் வெளியே உட்கார்ந்து பேச முடியும். ஆனால் நடக்கத் தொடங்கிய பிள்ளை இருக்கும்போது மாடத்தின் கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். நாற்காலியும் சிறு மேசையும் கைப்பிடித் தடுப்பிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை நாற்காலியில் ஏற எடுக்கும் நேரம் தேநீர் ஆற்றும் நேரத்தைவிடக் குறைவு. இன்னும் நல்லது, அந்த நாற்காலிகளை எடுத்துவிடும்படி அறைப் பணியாளரிடம் கேட்பது. சன்னல் இல்லாத உள்ளறை மலிவு, பகலிலும் கும்மிருட்டாக இருப்பதால் தூக்கத்துக்கு ஏற்றது. காலை எது இரவு எது என்று குழந்தைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

எந்த அறையானாலும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கும். அரங்கத்துக்கு மேலே என்றால் நள்ளிரவு வரை இசை. சூதாட்டக் கூடத்தின் பக்கம் சிகரெட் வாடை வரும். தளப் படத்தைப் பார்த்து அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சில நிறுவனங்கள் கூடுதலாகச் சிறு தொகை கேட்கும். கைக்குழந்தை இருப்பவர்கள் கொடுப்பதில் தவறில்லை. மடிக்கும் தொட்டிலைப் பதிவின்போதே கேட்க வேண்டும், எண்ணிக்கை குறைவு.

பால், கஞ்சி, வெந்நீர்

கெண்டி, மின்னடுப்பு, துணி தேய்க்கும் பெட்டி போன்ற சூடாகும் பொருள்களைப் பயணிகள் கொண்டுவரப் பெரும்பாலான கப்பல்கள் தடை விதிக்கின்றன. தீ விபத்துதான் கடலில் மிகப் பெரிய அச்சம். பாட்டில் சூடாக்கும் கருவி, கிருமி நீக்கும் கருவி ஆகியவற்றை எடுத்துச் செல்லலாமா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியைச் சோதிக்கும் இடத்தில் அதைக் காட்டலாம். அறையில் கெண்டி இருக்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. 70 டிகிரிக்குக் குறையாத சூடுள்ள நீரில் கரைத்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உணவகத்தில் தேநீருக்கு வைத்திருக்கும் வெந்நீரை அறைக்குக் கொண்டுவருவதற்குள் அந்தச் சூடு இருக்காது. நல்ல வெப்பக்குடுவை ஒன்றை எடுத்துச் சென்றால் பாதிச் சிக்கல் தீரும். அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைக் குளிர்விக்கும் அளவுக்கே இருக்கும். எடுத்துவைத்த தாய்ப்பாலை அதில் நம்பி வைக்க முடியாது. பனிக்கட்டி கேட்டால் தாராளமாகக் கிடைக்கும். குளிர்காப்புப் பை ஒன்று போதும்.

வெளி உணவைக் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற விதியில் குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. ஆனால் கடையில் வாங்கிய, முத்திரை உடையாத பொட்டலமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவையோ கேழ்வரகு மாவையோ நெகிழிப் பையில் கட்டிக் கொண்டுபோனால், சோதனை அதிகாரிக்கு அது என்னவென்று விளக்கிக்கொண்டிருக்க நேரிடும். அந்த நான்கு நாளுக்குக் கடைப் பொட்டலமே மேல். சிங்கப்பூரிலிருந்து செல்லும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் வெள்ளைச் சோறு, பருப்பு, தயிர், வாழைப்பழம் கிடைப்பது சிரமமில்லை. காரமில்லாமல் பருப்பை வேக வைத்துத் தரும்படி முதல் நாள் இரவே உணவக மேற்பார்வையாளரிடம் சொன்னால், அடுத்த நாளிலிருந்து செய்து தருவார்கள்.

விருந்து மேசையில் பார்த்தே கொடுக்க வேண்டியது தேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நரம்பைத் தாக்கும் ஒருவகை நச்சுக்கிருமி அதில் இருக்கக்கூடும். காலை உணவுத் தானியம், ரொட்டி, தயிர் ஆகியவற்றில் தெரியாமல் சேர்ந்திருக்கும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைத்துப் பழகிய மூத்தோருக்கு இதை மரியாதையோடு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முழுத் திராட்சையும் முந்திரியும் தொண்டையில் சிக்கக்கூடியவை.

வாந்தி வந்தால்

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கடல் ஆட்டம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தலைசுற்றும் தொல்லை அதற்குப் பிறகு தொடங்கி, பள்ளி வயதில்தான் உச்சத்துக்குப் போகிறது. பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் தலைசுற்றல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. புரோமெத்தசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் மூச்சையே நிறுத்தக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டுள்ளது. டைமென்ஹைட்ரினேட்டும் அந்த வயதுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடியது அன்று.

ஆகவே, கைக்குழந்தை கப்பலில் வாந்தியெடுத்தால் அது கடல் ஆட்டம் என்று விட்டுவிடாமல், வயிற்றுக் கிருமியோ என்று முதலில் ஐயப்பட வேண்டும். நோரோ கிருமி கப்பல்களில் வேகமாகப் பரவக்கூடியது. உணவகத்தின் வாசலில் தெளிக்கும் கைச் சுத்திகரிப்பான் அதை முழுமையாக அழிப்பதில்லை. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவுவதே சரி. தவழும் பிள்ளையின் கையும் வாயும் தரைவிரிப்பிலிருந்து பிரிவதில்லை. விளையாட்டுப் பொருள், உணவு நாற்காலியின் தட்டு, தொலைக்காட்சியின் இயக்கி ஆகியவற்றை முதல் நாளே துடைத்துவிடலாம்.

ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதும் கண்ணீர் இல்லை, வாய் காய்ந்திருக்கிறது, சோர்ந்து படுத்திருக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. மருத்துவ நிலையத்துக்குச் சொன்னால் அறையிலேயே ஒதுக்கிவைத்துவிடுவார்கள், விடுமுறை கெட்டுவிடும் என்று மறைப்பவர்கள் உண்டு. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும், வழக்கமான மருத்துவர் எடைக்கு ஏற்ப அளவு எழுதிக் கொடுத்த பாரசெட்டமால் மருந்தையும், வெப்பமானியையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

கப்பல் மருத்துவச் செலவு தனிக் கட்டணம், அங்கே மெடிசேவ் செல்லாது. மெடிஷீல்டு லைஃப்பும் அதைக் கொடுக்காது. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரிலோ படகிலோ கரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் செலவு சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதாக இராது. பயணக் காப்புறுதி வாங்கும்போது கப்பல் பயணத்தையும் அவசர இடமாற்றத்தையும் அது உள்ளடக்குகிறதா, குழந்தையின் பெயர் தனியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். புறப்படும் நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பயணத்தை நிறுத்தும் செலவும் அதில் சேர வேண்டும். சிறு குழந்தையோடு செல்பவர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான்.

தடுப்பூசிகளில் தட்டம்மை கவனத்துக்குரியது. சிங்கப்பூரில் அதற்கான முதல் ஊசி 12 மாதத்திலும் மலேசியாவில் 9 மாதத்திலும் போடப்படுகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தை பல நாட்டுப் பயணிகள் கூடும் இடத்துக்குச் செல்வதால், முன்கூட்டியே ஒரு ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அப்படிப் போட்டாலும் வழக்கமான இரண்டு ஊசிகளும் பிறகு உண்டு. சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆறு மாதத்திலிருந்து போடலாம்.

எந்த மாதம், எந்தத் துறைமுகம்

மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் பொதுவாக அமைதியான கடல். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தென்சீனக் கடல் பக்கம், அதாவது வியட்னாம் செல்லும் வழி கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரை அந்தமான் கடலில் அலை கூடுதல். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரைக்குச் செல்லும் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. ஆடும் படகில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த தள்ளுவண்டி என்று இறங்குவது எளிதன்று. அலை பலமானால் படகுச் சேவையே நிறுத்தப்படும். அங்கே இறங்குவதற்குத் தூக்குப்பை மட்டுமே வசதி.

கைக்குழந்தைக்காரர்களுக்கு மிக எளிதான துறைமுகம் பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில் கப்பல் நேராகக் கரையோடு அணையும். நடந்தே ஜார்ஜ் டவுனுக்குள் போய்விடலாம். குட்டி இந்தியாவும் 1833ல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலும் பக்கத்தில்தான். கடைவீதியின் ஐந்தடி நடைபாதை மேடும் பள்ளமுமாக இருப்பதால் தள்ளுவண்டியைக் கப்பலிலேயே விட்டுவிடலாம். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும். சூடான இட்லியும் மசிக்க ஏற்ற வாழைப்பழமும் கிடைக்கும் அந்த வீதியில் பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாட்டை முடித்துவிடலாம். கிள்ளான் துறைமுகம் இதற்கு எதிர். கப்பல் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது. கோலாலம்பூர் செல்லப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துமலைக்குச் செல்லும் சுற்றுலாவில் சேர்ந்தால் 272 படிகளிலும் குழந்தையைத் தூக்கித்தான் ஏற வேண்டும். கையில் பால் பாட்டில் தெரிந்தால் குரங்குகள் விடா. நேர்த்திக்கடன் இல்லாதவர்கள் அன்று கப்பலிலேயே தங்கலாம். கூட்டமில்லாத உணவகமும் காலியான குழந்தை விளையாட்டிடமும் அன்றைக்குத்தான் கிடைக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் களிம்பு பரிந்துரைக்கப்படுவதில்லை, அதற்கு மேற்பட்ட குழந்தைக்குத் தடவலாம். இரண்டிலும் நிழலே முதல் பாதுகாப்பு. கடல் காற்றில் வெயில் உறைப்பது தெரியாது.

ஏறும் நாள், இறங்கும் நாள்

முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேரப் பல மணி நேரமாகும். மதியம் ஒப்படைத்தது இரவு உணவுக்குப் பிறகும் வரலாம். ஒரு நாளுக்கான டயப்பர், பால்மாவு, மாற்றுத் துணி, மருந்து எல்லாம் கைப்பையிலேயே இருக்க வேண்டும். கப்பல் கடையில் டயப்பர் கிடைத்தாலும் விலை அதிகம், பிள்ளையின் அளவு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விமானத்தைப் போல எடைக் கட்டுப்பாடு இல்லாததால் வீட்டிலிருந்தே ஒரு முழுப் பொட்டலம் எடுத்துச் செல்லலாம். காது அடைத்துக் குழந்தை அலறும் தொல்லையும் கப்பலில் கிடையாது. இந்த இரண்டுக்காகவே விமானத்தைவிடக் கப்பலை விரும்பும் பெற்றோர் உண்டு.

முனையத்துக்கு வாடகைக் காரில் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்ற விதியிலிருந்து டாக்சிகளுக்கு விலக்கு உண்டு, செயலி வழி அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. ஹார்பர்ஃபிரண்ட் முனையம் எம்ஆர்டி நிலையத்தோடு சேர்ந்தே இருக்கிறது. மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் நிலையத்திலிருந்து சற்று நடக்க வேண்டும். எது எந்தக் கப்பலுக்கு என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒரே இடம் என்று நினைத்துத் தவறான முனையத்துக்குச் செல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடைசி இரவு பெட்டிகளை அடையாளச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் அவை முனையத்தில்தான் கைக்கு வரும். குழந்தைக்கு மறுநாள் போட வேண்டிய சட்டை, இரண்டு பாட்டில், ஐந்தாறு டயப்பர், கடப்பிதழ் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்ட வேண்டும்.